பந்துவீச்சாளருக்கு மட்டை கட்டிய கடை

கடையின் பெயரை எழுதக் கூடாது என்பது பெரியவரின் நிபந்தனை. எழுதுவதற்கு அங்கே பெயர்ப்பலகையும் இல்லை. "இருக்கிற வேலையே முடிக்க ஏலாமக் கிடக்கு, நீங்க வேற" என்றார். ஆகவே வழியை மட்டும் சொல்கிறேன். கொழும்பு புறக்கோட்டையில் 100ஆம் இலக்க பஸ்ஸை விட்டு இறங்கி, டாம் வீதியால் புதுக்கடை நீதிமன்றப் பக்கமாக நடவுங்கள். கறுப்புக் கோட்டுகள் கூடக் கூட நீங்கள் சரியான திசையில் போகிறீர்கள் என்று அர்த்தம். டைப் அடிப்பவர்கள், போட்டோக்கொப்பிக் கடைகள், முத்திரை விற்பவர்கள் எல்லாரையும் தாண்டினால் ஒரு சைவக்கடை. அதற்குப் பக்கத்தில் ஓர் ஒழுங்கை. எதிரே ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே போனால் பசை மணக்கும். மணக்கிற இடந்தான் கடை.

புத்தகம் கட்டும் கடை. பைண்டிங் என்றால் எல்லாருக்கும் விளங்கும். பெரும்பாலும் சட்டத்தரணிகளின் சட்ட அறிக்கைகள், நொத்தாரிசுகளின் பதிவேடுகள், பழைய உறுதிக் கட்டுகள். என்னைப் போல கிரிக்கெட் புத்தகத்தோடு போகிறவன் அங்கே ஒரு வேடிக்கைதான்.

நான் கொண்டுபோனது மூன்று புத்தகங்கள். முதலாவது 1963ஆம் ஆண்டு விஸ்டன், இங்கிலாந்தில் வருடா வருடம் வரும் தடித்த கிரிக்கெட் ஆண்டுநூல். மருதானைப் பக்கம், டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் ஒன்றில் பல வருடங்களுக்கு முன் வாங்கினேன். நான் இன்றும் அந்த வீதியை மக்கலம் வீதி என்றுதான் சொல்வேன். மற்ற இரண்டும் என் சொந்தக் கையால் எழுதிய ஸ்கோர் புத்தகங்கள். ஒரு கப்பல் கம்பனியில் முப்பத்தொரு வருடம் இலிகிதராக இருந்தேன். வாரநாளில் சரக்குப் பட்டியல், சனிக்கிழமையில் கம்பனி அணிக்கு ஸ்கோர். வர்த்தக நிறுவனங்களுக்கிடையிலான கீழ்ப்பிரிவு ஆட்டங்கள். பார்க்க வருகிறவர்களைவிட மைதானத்துக்குள் நிற்கிறவர்கள் கூட.

விஸ்டனின் நிலை பரிதாபம். மஞ்சள் துணி அட்டையில் தொப்பிக்காரர் இரண்டு பேர் கிரிக்கெட் விளையாடும் அந்த மரச்செதுக்குப் படம் தேய்ந்து, ஒருவருக்குத் தலையே இல்லை. முதுகு கழன்றுவிட்டது. கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வெள்ளவத்தையில் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு நான் ஒன்றும் புதிதாகச் சொல்லத் தேவையில்லை: ஒருபக்கம் உப்புக் காற்று, மறுபக்கம் இராமபாணப் பூச்சி. கடைசிக் கால்பங்கு ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கால்பங்குக்குள்தான் மைனர் கவுண்டி ஆட்டங்கள் இருக்கின்றன. விஸ்டனில் அவற்றுக்கு எப்போதும் பின்வரிசைதான். புத்தகம் பழுதானால் முதலில் விழுவதும் அவைதான்.

மைனர் கவுண்டி என்றால் என்ன என்று பெரியவரும் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். கவுண்டி என்றால் இங்கிலாந்தில் மாவட்டம் மாதிரி. யோர்க்ஷயர், லங்காஷயர், சரே போன்ற பெரிய கவுண்டிகளின் அணிகள் ஆடுவது முதல்தரக் கிரிக்கெட். நோர்ஃபோக், ஸ்டாஃபோர்ட்ஷயர், செஷயர், டெவன், கோர்ன்வால் போன்றவை அந்தப் பட்டியலுக்கு வெளியே. அவற்றுக்கு 1895இலிருந்து தனிப் போட்டி. நெடுங்காலம் இரண்டு நாள் ஆட்டங்கள். அங்கே எத்தனை விக்கெட் எடுத்தாலும் முதல்தரக் கணக்கில் சேராது. டர்ஹம் அங்கேயிருந்து 1973இல் யோர்க்ஷயரை ஜிலெட் கிண்ணத்தில் தோற்கடித்து, 1992இல் முதல்தரத்துக்கு ஏறியது. மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அண்மையில் பெயரை மட்டும் நஷனல் கவுண்டி என்று மாற்றிக்கொண்டார்கள். எனக்கு மைனர்தான் வாயில் வருகிறது, மக்கலம் வீதி மாதிரி.

"அப்ப நம்மட ரெண்டாம் பிரிவு மாதிரி" என்றார் பெரியவர். சரியாகப் பிடித்துவிட்டார்.

"அப்ப இதை ஏன் காசு குடுத்துக் கட்டுறீங்க, மாஸ்டர்?"

நான் மாஸ்டர் இல்லை, எந்தப் பாடசாலையிலும் படிப்பித்ததில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாம் தடவை விட்டுவிட்டேன். கிழிந்த புத்தகமும் மூக்குக் கண்ணாடியுமாக வருகிற ஆள் அவருக்கு மாஸ்டர்தான்.

ஏன் கட்டுகிறேன் என்பதற்குப் பதில் அந்தப் புத்தகத்துக்குள்ளேயே இருந்தது. 1963 விஸ்டனின் நூறாவது பதிப்பு. அந்த நூறு ஆண்டுகளின் பெரும் வீரர்கள் என்று ஆறு பேரைக் கிரிக்கெட் எழுத்தாளர் நெவில் கார்டஸ் தெரிந்தெடுத்து எழுதினார். கிரேஸ், ஹொப்ஸ், பிராட்மன், ட்ரம்பர், டொம் ரிச்சர்ட்சன். ஆறாவது இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் சிட்னி பார்ன்ஸ். மற்ற ஐந்து பேரும் முதல்தரக் கிரிக்கெட்டிலேயே வாழ்ந்தவர்கள். பார்ன்ஸ் மட்டும் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை ஸ்டாஃபோர்ட்ஷயர் என்ற மைனர் கவுண்டியிலும் சனிக்கிழமை லீக் கழகங்களிலும் கழித்த மனிதர். முன்னால் ஆறு பேரில் ஒருவர். அவர் ஆடிய கவுண்டியோ பின்னால் தொங்குகிற பக்கத்தில்.

பெரியவரின் மகன் இடையில் வந்து பற்றுச்சீட்டு எழுதினான். "எத்தனை விக்கெட் அங்கிள்?" என்று கேட்டான். இந்தக் கேள்வியைக் கேட்டால் ஸ்கோரருக்கு நேரம் போவது தெரியாது.

27 டெஸ்டில் 189 விக்கெட். வகுத்துப் பாருங்கள், ஓர் ஆட்டத்துக்கு மிச்சமில்லாமல் ஏழு. சராசரி 16.43. அந்த 27இல் முதல் நான்கில் மட்டுந்தான் அவர் லங்காஷயர்காரர். மற்ற 23இலும் ஆடியபோது அவருக்கு எந்த முதல்தரக் கவுண்டியும் இல்லை. 1911இன் கடைசியில் மெல்பர்னில் ஒரு கட்டத்தில் ஆறே ஓட்டம் கொடுத்து ஐந்து பேரை அனுப்பியிருந்தார். 1913–14இல் தென்னாபிரிக்காவில் நாலே டெஸ்டில் 49 விக்கெட். ஒரு தொடரில் அதை மிஞ்சியவர் இன்றுவரை இல்லை. ஐந்தாவது டெஸ்டில் ஆடவே இல்லை, ஏற்பாட்டாளர்களோடு பிணக்கு. ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் பஸ்ஸில் போகும்போது கணக்குப் போட்டுப் பார்ப்பதுண்டு.

இது எல்லாருக்கும் தெரிந்த பக்கம். பின்பக்கம் எப்படி என்றால், ஸ்டாஃபோர்ட்ஷயருக்கு 1904 முதல் 1914 வரையும், போருக்குப் பிறகு 1924 முதல் 1935 வரையும் ஆடி 1,441 விக்கெட், சராசரி 8.15. அதாவது அந்த விக்கெட்டுகளுக்காக அவர் கொடுத்தது ஏறக்குறைய 11,750 ஓட்டம். அந்த ஒவ்வோர் ஓட்டத்தையும் ஏதோ ஒரு மேசையில், ஏதோ ஒரு மரத்தடியில், யாரோ பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். ஓட்டமே இல்லாத ஓவரென்றால் ஆறு புள்ளிகளையும் கோடிட்டு இணைத்து எம் எழுத்தாக்குவோம். பார்ன்ஸுக்கு எழுதியவர்களின் பென்சில் அந்த எம்மிலேயே தேய்ந்திருக்கும்.

மகன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "முரளி எண்ணூறுதானே?" என்றான். புதுக்கடையானாலும் பொரளையானாலும் கொழும்பில் எந்தப் பந்துவீச்சுக் கதையும் கடைசியில் முரளியிடந்தான் வந்து நிற்கும். நிற்கட்டும், நியாயந்தான். தமிழ் யூனியன் கழகத்துப் பிள்ளை. ஆனால் அந்த ஒப்பீட்டில் எனக்குப் பிடித்தது வேறொன்று. முரளி 800 விக்கெட் எடுத்தது 133 டெஸ்டில். பார்ன்ஸ் தன் முழு வாழ்நாளிலும் ஆடிய முதல்தர ஆட்டங்கள், டெஸ்டையும் சேர்த்தே, 133. அவற்றில் 719 விக்கெட். 21 வயதிலிருந்து 57 வயதுவரை ஒருவர் முதல்தரத்தில் ஆடியது, இன்னொருவர் டெஸ்ட் மட்டும் ஆடிய அளவுதான். மிச்சமெல்லாம் வெளியே, கணக்கில் சேராத இடத்தில்.

"ஏன், அவங்க எடுக்கேல்லயா அவரை?" என்றார் பெரியவர். மட்டை வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் கேட்டார்.

எடுத்தார்கள், அவர்தான் நிற்கவில்லை. 1901இல் லங்காஷயர் லீக்கில் பேர்ன்லிக்காகக் காசுக்கு ஆடிக்கொண்டிருந்தவரை இங்கிலாந்து அணித் தலைவர் ஆர்ச்சி மக்லரன் ஓல்ட் ட்ரஃபர்ட் பயிற்சி வலையில் பந்துவீச வைத்துப் பார்த்துவிட்டு நேரே அவுஸ்திரேலியாவுக்குக் கூட்டிப்போனார். அதற்குமுன் அவர் ஆடிய முதல்தர ஆட்டங்களை விரல்விட்டு எண்ணலாம். முதல் டெஸ்டின் முதல் இனிங்ஸிலேயே ஐந்து விக்கெட், அடுத்ததில் பதின்மூன்று. ஊருக்கு வந்து லங்காஷயருக்கு ஆடினார். கவுண்டி என்றால் வாரத்தில் ஆறு நாளும் பந்துவீச வேண்டும், மாரிகாலத்தில் வேலைக்கு உத்தரவாதம் இல்லை. லீக் கழகம் சனிக்கிழமை ஒருநாளைக்கே கைநிறையக் கொடுக்கும். 1903க்குப் பிறகு கவுண்டிக்குக் கும்பிடு போட்டுவிட்டார். சனிக்கிழமை கழகம், இடையில் ஸ்டாஃபோர்ட்ஷயருக்கு இரண்டு நாள் ஆட்டம், இங்கிலாந்து கூப்பிட்டால் டெஸ்ட்.

"கூலி கூடின இடத்துக்குத்தானே போகவேணும்" என்றார் பெரியவர். அவரும் இளவயதில் ஒரு பெரிய அச்சகத்தில் வேலை செய்துவிட்டு, சம்பளப் பிரச்சினையில் வெளியேறி இந்த ஒழுங்கைக்கு வந்தவராம். அதைச் சொல்லும்போது பார்ன்ஸோடு ஒரே மேசையில் சாப்பிட்டவர் மாதிரிதான் சொன்னார்.

அப்புறம் அவர் கத்தியை எடுக்கவே இல்லை. நானும் நிறுத்தவில்லை. பார்ன்ஸ் லேசில் பழகக்கூடிய ஆள் இல்லை என்பதையும் சொன்னேன். அவுஸ்திரேலியாவுக்குப் போகும் கப்பல் புயலில் அகப்பட்டபோது, மூழ்கினாலும் ஓர் ஆறுதல், இந்தப் பார்ன்ஸும் நம்மோடு மூழ்குவான் என்று மக்லரன் சொன்னதாக ஒரு கதை. கப்பல் கம்பனியில் இருந்தவன் என்பதால் எனக்கு இந்தக் கதையில் தனிப் பிரியம். அந்தக் காலத்தில் அவுஸ்திரேலியா போகும் அணிகள் கொழும்பில் இறங்கி ஓர் ஆட்டம் ஆடிவிட்டுப் போவது வழக்கம். 1882இல் ஐவோ பிளையின் இங்கிலாந்து அணி வந்தது. அவர்கள் ஏறிய பெஷாவர் என்ற கப்பல் கொழும்பை விட்டுப் புறப்பட்ட பிறகு இன்னொரு கப்பலோடு மோதி, பந்துவீச்சாளர் மோர்லிக்கு விலா எலும்பு அடிபட்டது. கிரிக்கெட் புத்தகத்தில் காயம் என்று ஒரு சொல்லில் போய்விடும். எங்கள் கந்தோரில் என்றால் அதற்கு ஒரு கோப்பே திறந்திருப்போம்.

பெரியவருக்கு இதெல்லாம் சுவைக்கவில்லை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்தது வேறொரு விஷயத்துக்கு. பார்ன்ஸ் பந்துவீச்சை விட்ட பிறகு என்ன செய்தார் தெரியுமா? ஸ்டாஃபோர்ட்ஷயர் கவுண்டி நிர்வாகத்தில் சட்டப் பத்திரங்களை அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுக்கும் வேலை. தொண்ணூறு வயதை நெருங்கியும் செய்தார். 1957இல் இங்கிலாந்து மகாராணி ஸ்டாஃபோர்டுக்கு வந்தபோது, தன் கையாலேயே எழுதிய ஒரு சுருளைக் கொடுத்தார். பந்தைச் சுழற்றிய அதே விரல்கள். லெக் பிறேக் என்ற சுழல்பந்தை வேகப்பந்துக்காரனின் வேகத்தில் வீசிய நீண்ட விரல்கள்.

"சட்டப் பத்திரமா?" என்றார். சுற்றிலும் அடுக்கியிருந்த உறுதிக் கட்டுகளை ஒருமுறை பார்த்தார். "அப்ப நம்மட ஆள்தான்."

சரி, கடைக்கு வருவோம். வேலை எப்படி?

முதலில் நல்லது. பசை மட்டும் தடவி ஒட்டுகிற வேலை அங்கே கிடையாது. விஸ்டனை முழுக்கப் பிரித்து, மடித்த தாள்கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, மடிப்புக் கிழிந்த இடத்துக்கு மெல்லிய தாள் ஒட்டி, மெழுகு நூலால் திரும்பத் தைத்தார்கள். பசை கோதுமை மாவில் காய்ச்சியது, பூச்சி அரிக்காமல் மயில்துத்தம் கலந்தது. வாசலில் மணந்தது அதுதான். கலிக்கோத் துணி முதுகு, மூலைக்கும் கலிக்கோ. பழைய மஞ்சள் அட்டையை எறிந்துவிடாதீர்கள் என்று கேட்டிருந்தேன். அதைப் புது மட்டைக்குள்ளே முதல் தாளாக வைத்துக் கட்டியிருந்தார்கள். தலையில்லாத தொப்பிக்காரர் பத்திரமாக உள்ளே இருக்கிறார். இப்போது புத்தகத்தை மேசையில் எந்தப் பக்கத்தில் திறந்து வைத்தாலும் மூடாமல் நிற்கிறது. மைனர் கவுண்டிப் பக்கத்தில் திறந்து வைத்தேன், நின்றது. 1962 பருவத்தில் நோர்ஃபோக் அணித் தலைவராக பில் எட்ரிச் இருக்கிறார். 39 டெஸ்ட் ஆடியவர், போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டிப் பதக்கம் வாங்கியவர். பதினாறு வயதில் ஆரம்பித்த கவுண்டிக்கே மிடில்செக்ஸ் என்ற பெரிய கவுண்டியில் ஆடி முடிந்த பிறகு திரும்பி வந்து, ஐம்பது வயது தாண்டியும் ஆடியவர். முன்பெல்லாம் அந்தப் பக்கத்தைத் திறக்கப் பயம். திறந்தால் எட்ரிச் கையோடு வந்துவிடுவார்.

இனிக் குறைகள்.

பத்து நாள் என்றார்கள், இருபத்துநாலு நாள் எடுத்தது. நடுவில் நீதிமன்ற விடுமுறை வந்தது, ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். தொலைபேசி எடுத்தால் "நாளைக்கு அங்கிள்" என்ற ஒரே பதில். கொழும்பில் நாளைக்கு என்பது ஒரு கிழமை நாள் அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இரண்டு தடவை பஸ் ஏறிப் போய்ச் சும்மா வந்தேன்.

எடுக்கப் போன அன்று முதுகில் தங்க எழுத்தைப் பார்த்தேன். விஸ்டன் 1936. இலக்கம் இரண்டும் இடம் மாறிவிட்டன. மகன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கோபப்பட வாய் திறந்தவன் சிரித்துவிட்டேன். 1936ஆம் ஆண்டு விஸ்டனில் இருப்பது 1935 பருவம். பார்ன்ஸ் தன் 62 வயதில் ஸ்டாஃபோர்ட்ஷயருக்குக் கடைசியாக ஆடிய பருவம் அதுதான். தெரிந்து பிழைவிட்டாற்கூட இவ்வளவு பொருத்தமாக விடமுடியாது. ஒரு நிமிடம் அப்படியே இருக்கட்டும் என்றுகூட நினைத்தேன். ஆனால் முப்பத்தொரு வருடம் ஸ்கோர் எழுதியவன் பிழையான இலக்கத்தை அலுமாரியில் வைத்துக்கொண்டு நித்திரை கொள்ள முடியாது. தேநீர் குடித்து முடிப்பதற்குள் திருத்தித் தந்தான். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் 63க்குக் கீழே 36 இலேசாகத் தெரியும்.

அது சின்னப் பிழை. பெரிய பிழை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஸ்கோர் புத்தகங்கள் நீளவாக்கில் பெரியவை, ஓரங்கள் நைந்து போனவை. ஓரத்தை வெட்டவேண்டாம், நைந்தபடியே கட்டுங்கள் என்று கொடுக்கும்போது சொன்னேன். பற்றுச்சீட்டிலும் எழுதச் சொல்லியிருக்கலாம். அதைச் செய்யாதது என் பிழை. இரண்டாவது புத்தகம் வெட்டு இயந்திரத்துக்குப் போயிருக்கிறது. மேலோரத்தில் அரை விரல் அகலம் போய்விட்டது. நான் திகதியை எப்போதும் பக்கத்தின் உச்சியில் எழுதுகிறவன். பதினொரு பக்கங்களில் திகதி இல்லை.

அந்தப் பதினொன்றில் ஒன்றுக்குத்தான் எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் கம்பனி ஸ்டோர்ஸில் ஒருவர் இருந்தார். பெயர் சொல்வதை அவர் விரும்பமாட்டார். நாற்பது வயதுக்குமேல், மெல்ல நடந்துவந்து லெக் கட்டர் போடுவார். மூட்டை தூக்கித் தடித்த விரல்கள். ஒருநாள் ஒரே இனிங்ஸில் ஒன்பது விக்கெட் எடுத்தார். பத்தாவது ரன் அவுட். அதற்கு அவர் இன்றும் அந்தக் களத்தடுப்பாளரை மன்னிக்கவில்லை. திங்கட்கிழமை பேப்பரில் சின்ன எழுத்தில் முடிவு வந்தபோது அவருடைய பெயருக்குப் பதிலாக அணித் தலைவரின் பெயர் வந்திருந்தது. திருத்தம் கேட்டுக் கடிதம் எழுதினேன், வரவில்லை. அப்படிப் பார்த்தால் அந்த ஒன்பது விக்கெட் உலகத்தில் ஒரே ஓரிடத்தில்தான் இருக்கிறது, என் புத்தகத்தின் அந்தப் பக்கத்தில். இப்போது அதற்கும் திகதி இல்லை.

ஸ்டாஃபோர்ட்ஷயருக்கு விஸ்டன் இருந்தது. பின்பக்கமோ முன்பக்கமோ, யாரோ வருடா வருடம் அச்சடித்தார்கள். அதனால்தான் 1,441 என்று ஒற்றை விக்கெட் பிசகாமல் இன்றைக்கும் சொல்ல முடிகிறது. 1928இல் வேல்ஸ் அணிக்காக, 55 வயதில், மேற்கிந்தியத் தீவுகள் அணியின் பன்னிரண்டு விக்கெட்டைப் பார்ன்ஸ் எடுத்ததும் எங்கோ எழுதிக் கிடக்கிறது. நம் ஊரிலோ 1948இல் பிராட்மனின் அணி கொழும்பு ஓவலில் ஆடியபோது ஆடுகளம் 22 யார் நீளத்துக்குப் பதில் 20 யார் நீளந்தான் இருந்தது என்பது நினைவிருக்கும். அது பிராட்மன் என்பதால். ஒரு ஸ்டோர்ஸ்காரரின் சனிக்கிழமை யாருக்கு நினைவிருக்கும்?

அன்றிரவு பக்கத்தைப் புரட்டிக் கணக்குப் பார்த்தேன். அடுத்ததற்கடுத்த பக்கத்தில் திகதி தப்பியிருந்தது. இடையில் ஒரு பக்கம் வெறுமை, "மழை, ஆட்டம் இல்லை" என்று மட்டும். மழைக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது என் பழக்கம். தாளை வீணாக்குகிறேன் என்று அந்தக் காலத்தில் கம்பனிச் செயலாளர் முறைத்திருக்கிறார். ஆகவே பதினாலு நாள் பின்னால் போனேன், சனிக்கிழமை சரியாக வந்தது. மற்றப் பத்தையும் இப்படியே முன்னும் பின்னும் பார்த்துக் கண்டுபிடித்து ஒரு துண்டில் எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையிலேயே கடைக்குப் போய்விட்டேன். சண்டை பிடிக்கத்தான் போனேன். பெரியவர் புத்தகத்தை வாங்கி, பதினொரு பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சாக்குச் சொல்லவில்லை. புதிதாக வந்த பெடியன் வெட்டினான் என்று அவர் சொல்லியிருக்கலாம், நானும் நம்பியிருப்பேன். "சொன்னீங்கதான் மாஸ்டர். நான்தான் அவங்களுக்குச் சொல்ல மறந்திட்டன்" என்றார். துண்டைக் கேட்டு வாங்கினார். மேசை இலாச்சியிலிருந்து மைப்பேனா ஒன்றை எடுத்தார். சட்டப் பதிவேடுகளுக்குத் தலைப்பு எழுதுகிறவராம், முதுகில் தங்க எழுத்து வருமுன் எல்லாம் கையெழுத்துத்தானாம். எனக்கு அது அதுவரை தெரியாது. ஒரு திகதிக்கு ஒரு நிமிடம் எடுத்தார். எழுதிவிட்டு ஊதி, உலரும்வரை பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு அடுத்ததைத் திருப்பினார். வெளியே ஒரு சட்டத்தரணியின் இலிகிதர் அவசரம் என்று நின்றார். நிற்கட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒன்பது விக்கெட் பக்கம் வந்தபோது கொஞ்சம் நிறுத்தி, விக்கெட்டுக்காக வரிசையாக இருந்த டபிள்யூ எழுத்துகளை விரலால் எண்ணினார். "இவரா?" என்றார். ஆம் என்றேன். அந்தத் திகதியை மற்றவற்றைவிடக் கொஞ்சம் பெரிதாக எழுதினார்.

விலை: விஸ்டனுக்கு 2,800 ரூபா, தங்க எழுத்துக்கு 400. ஸ்கோர் புத்தகம் ஒன்று 1,500. வெட்டிய புத்தகத்துக்குக் காசு வேண்டாம் என்றார். நான் பாதி கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அட்டை இயந்திரம் கிடையாது, காசாகக் கொண்டுபோங்கள். போகிறவர்கள் காலை பத்து மணிக்குமுன் போங்கள், அதற்குப் பிறகு நீதிமன்றக் கூட்டம். பகல் ஒன்றிலிருந்து இரண்டுவரை கடை திறந்திருக்கும், ஆள் இருக்காது. சொன்ன நாளோடு இரண்டு கிழமையைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெட்டவேண்டாம் என்றால் எழுத்தில் கொடுங்கள், பெரியவரின் கையிலேயே கொடுங்கள்.

என் ஸ்கோர் புத்தகங்கள் இன்னும் நான்கு இருக்கின்றன, கட்டிலுக்குக் கீழே, அரிசி பொலிதீனில் சுற்றி. அடுத்த மாதம் இரண்டைக் கொண்டுபோகிறேன். ஒரேயொரு மனக்குறை. பதினொரு பக்கத்தில் இப்போது திகதி மட்டும் என் கையெழுத்தில் இல்லை. புத்தகத்தைத் திறக்கிறவர்கள் முதலில் அதைத்தான் பார்க்கிறார்கள். யார் எழுதியது, இவ்வளவு வடிவாக இருக்கிறது என்று கேட்கிறார்கள்.